பேர் இல்லாமல் வருகிறவர்களுக்கு அனுமதி கிடையாது

சேரப்பணஞ்சேரியில் மெயின் ரோட்டை ஒட்டி எட்டடிக்கு ஆறடியில் ஒரு கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, கரண்ட் பில், பான் கார்டு, பட்டா என்று எல்லாம் உண்டு. என் பெயர் லிடியா. இந்தக் கடையில் உட்கார்ந்து நான் பார்க்காத ஆள் இல்லை. ஆனால் உதவி கேட்டுக் கை நீட்டும்போதும் கொடுக்கிறவனிடம் அடையாள அட்டை கேட்ட மனிதர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் சாலமோன் மாமா. அவரால் எனக்கு வந்த தலைவலிக்கு இன்றுவரை ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு அறுபத்தொன்பது வயது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் நம்பர் கேட்டில் பதினேழு வருஷம் காவல் பார்த்தார். காண்ட்ராக்ட் வேலை. சட்டையில் ஏஜென்சி பெயர் நான்கு முறை மாறியது, உள்ளே இருந்த ஆள் மாறவில்லை. வருகிறவர் யாராக இருந்தாலும் பேர், ஊர், யாரைப் பார்க்க வேண்டும், என்ன விஷயம், உள்ளே வந்த நேரம், கையெழுத்து. இதில் ஒன்று குறைந்தாலும் கேட் திறக்காது. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய அதிகாரி அடையாள அட்டையை ஓட்டலில் மறந்துவிட்டு வந்தார். மாமா அவரை இருபது நிமிஷம் வெயிலில் நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் ஓடி வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிறகும் மாமா அசையவில்லை. அன்று அவர் வேலை போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த அதிகாரி மறுநாள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, மாமாவிடம் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனாராம். இந்தக் கதையை நான் குறைந்தது முப்பது முறை கேட்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையிலிருந்து வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி போனபோது, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவரை வீட்டு வாசலில் நிறுத்தி, முகமூடியைக் கழற்றச் சொல்லி, யார் என்று பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். உள்ளே இருந்தது கண்ணப்பன் கடையில் மீன் வெட்டுகிற நிலவன். அதைப் பார்த்த குழந்தைகள் ஏங்கி ஏங்கி அழுதன. பெரியவர்கள் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தோம்.

அவர் மனைவி அன்னபுஷ்பம் அத்தை. தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் பன்னிரண்டு வருஷம் சிமெண்ட் தரையில் நின்று சப்பாத்தி போட்டவள். இரண்டு முட்டியும் போய்விட்டது. வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டே நடப்பாள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு அத்தை தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். இதை மாமா என் கடையில் நின்றுதான் சொன்னார். ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டது போல நடித்துத் திரும்பிக்கொண்டேன்.

தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு முட்டிக்கும் ஆபரேஷன் என்று இருபத்து நாலாம் தேதி குறித்துக் கொடுத்தார்கள். காப்பீட்டு அட்டை கொஞ்சம் கட்டியது. சபையில் காணிக்கை எடுத்துக் கொடுத்தார்கள். மகன் டென்னிஸ் ஒரு மாதம் முழுக்க ஓ.டி. பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச வேண்டாம். போன் அடித்தால் எல்லோருமே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு லட்சத்து இருபதாயிரம் குறைந்தது. தேதியைத் தவறவிட்டால் அந்த டாக்டரிடம் மறுபடி இடம் கிடைக்க நாலு மாதம் ஆகும். அதற்குள் மழைக்காலம், ஈரப் படி, அத்தை எங்கேயாவது விழுந்தால் அவ்வளவுதான்.

அப்போதுதான் மாமா என் கடைக்கு வந்து, யாரும் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் பக்கத்துக் கடைக்குத்தான் கேட்கும்.

"லிடியா, போன்ல பணம் கேக்கறாங்களாமே, முன்ன பின்ன தெரியாதவங்க கிட்ட. அது இன்னா கத?"

"அதுக்குன்னு ஒரு சைட் கீது மாமா. நம்ம கஷ்டத்தச் சொல்லி வீடியோ போட்டா, பாக்கறவங்க இரக்கப்பட்டுக் குடுப்பாங்க. சேந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடும்."

"யாருன்னே தெரியாதவன் நமக்கு எதுக்குக் குடுக்கணும்?"

"அதான் இரக்கம்னு சொன்னேனே."

"பேரு, ஊரு எழுதுவாங்களா?"

"சில பேரு எழுதுவாங்க. சில பேரு எழுத மாட்டாங்க."

"அது எப்டி எழுதாம வுடுவாங்க?" என்றார் மாமா. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அந்த மாதிரி வீடியோக்கள் நாலைந்தைப் போட்டுக் காட்டினேன். வயதானவர்கள் கும்பிட்டபடி அழுகிறார்கள், பின்னால் வயலின் இழுக்கிறது. "இப்டிக் கொஞ்சம் பாவமா மூஞ்ச வெய்ங்க மாமா" என்றேன். வைத்துப் பார்த்தார். பல் பிடுங்க வந்தவர் மாதிரி இருந்தது. கும்பிடச் சொன்னால் கை தானாக நெற்றிக்குப் போய் சல்யூட் ஆகிவிடுகிறது. பழைய காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஏழு முறை எடுத்தும் அழுகை வரவில்லை. கடைசியில் அவர் இஷ்டத்துக்கே விட்டுவிட்டேன். நிமிர்ந்து நின்று பேசினார்.

"வணக்கம். என் பேரு சாலமோன். கேட் நம்பர் ரெண்டு, ரிடையர்டு. என் சம்சாரம் அன்னபுஷ்பத்துக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணணும். ஒரு லட்சத்து இருபதாயிரம் கொறையுது. முடிஞ்சவங்க குடுக்கலாம். குடுக்கறவங்க பேரு, ஊரு, போன் நம்பரு, இன்னா விஷயமா குடுக்கறீங்க, எல்லாம் தெளிவா எழுதணும். பேரு இல்லாம வர்றவங்களுக்கு அனுமதி கெடையாது. நன்றி."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "மாமா, தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க."

"மாட்ட எங்க பாத்தேன்? ஓட்டிகினு வந்தவன் யாருன்னுதான கேக்கறேன்?" என்றார்.

இரண்டு நாளில் முந்நூற்றைம்பது ரூபாய் வந்தது. அதிலும் முந்நூறு டென்னிஸின் கூட்டாளி போட்டது. கீழே கருத்துச் சொல்ல மட்டும் கூட்டம் அலைமோதியது. ஆள் தெம்பாக இருக்கிறார், சட்டை தேய்த்திருக்கிறது, அழவே இல்லை, ஏமாற்று வேலை என்றெல்லாம் எழுதினார்கள். சிங்கத்தின் படத்தை முகத்துக்குப் பதிலாக வைத்திருந்த ஒருத்தன், 'இந்தக் கிழவனை வைத்து யாரோ சம்பாதிக்கிறார்கள், ப்ரூஃப் எங்கே?' என்று கேட்டிருந்தான். படித்துக் காட்டினேன். மாமாவுக்குக் கோபம் வரவில்லை, சுறுசுறுப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்டில் ஒரு ஆள் அகப்பட்ட மாதிரி.

"எழுதும்மா நீ. தம்பி, ஆஸ்பத்திரிப் பேப்பரு மேல கீது, நல்லாப் பாத்துக்க. இப்ப உன் ப்ரூஃபக் காட்டு. போட்டோவுல சிங்கம் கீது. நீ எந்தக் காட்லருந்து வர்ற? யாரப் பாக்கணும்?"

இதை எழுதினேன், அவ்வளவுதான். மறுநாள் மதியத்துக்குள் அது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் வாட்ஸ்அப்பில் தொழிற்சாலை பஸ் குரூப், லைன் குரூப், கேன்டீன் குரூப் என்று சுற்றி வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் கேட்டில் நிறுத்தப்படாத ஆள் யார் இருக்கிறார்கள்? எல்லோருக்கும் ஒரு சாலமோன் மாமாவைத் தெரிந்திருந்தது. ஐம்பது, நூறு, இருநூறு என்று வர ஆரம்பித்தது. சிலர் கேட்காமலேயே 'உள்ளே வந்த நேரம் காலை ஆறு பத்து, ஏ ஷிஃப்ட்' என்று எழுதி அனுப்பினார்கள்.

மாமா ஒவ்வொருவருக்கும் போன் அடித்தார். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டுதான். ஓசூரில் லைனில் வேலை செய்யும் ஒருவனிடம் "இன்னா விஷயமா குடுத்தீங்க?" என்று கேட்டார். அவன், தன் அம்மாவுக்கும் முட்டிவலி, பார்க்காமலேயே விட்டுவிட்டோம், போன வருஷம் இறந்துவிட்டாள் என்று சொல்லி அழுதுவிட்டான். மாமா பத்து நிமிஷம் அவனுக்குச் சமாதானம் சொன்னார். உதவி கேட்டவர் யார், கொடுத்தவன் யார் என்று எனக்கே குழம்பிவிட்டது.

'ஏஞ்சல் 007' என்ற பெயரில் ஒரு பெண் ஆயிரம் ரூபாய் போட்டிருந்தாள்.

"வூட்ல வெச்ச பேரு இன்னா?" என்றார் மாமா.

"அத விடுங்க சார், ஓல்டு நேம்."

"பரவால்ல, சொல்லு."

"...பாஞ்சாலி."

"நல்ல பேரும்மா. எதுக்கு ஒளிச்சி வெச்சிகினு கீற?" என்றார். அந்தப் பெண் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அதன் பிறகு சனிக்கிழமைதோறும் அவளே போன் செய்து, "பாஞ்சாலி பேசறேன் சார், அம்மா எப்படி இருக்காங்க?" என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஆள் மட்டும், அத்தையைத் தரையில் படுக்க வைத்து, மாமா பக்கத்தில் உட்கார்ந்து அழுதால் பத்தாயிரம் தருவதாகச் சொன்னான். "வெளிய போன நேரம் நாலு பத்து" என்று சொல்லி மாமா போனை வைத்துவிட்டார். பத்தாயிரம் போச்சே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அன்று சாயங்காலம் அந்த ஆளை நினைத்து நானும் நல்ல வார்த்தை நாலு சொன்னேன், எழுத முடியாத வார்த்தைகள்.

பத்து நாளில் இருநூற்றுப் பதினோரு பேர், எழுபதாயிரம் ரூபாய். அதோடு நின்றுவிட்டது. சிங்கம் பழைய சங்கதி ஆகி, குரூப்பில் வேறு ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் பணம் கட்ட வேண்டும். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இருபத்து இரண்டாம் தேதி காலையில் கடையைத் திறந்து பார்க்கிறேன், ஐம்பதாயிரம் வந்திருக்கிறது. ஒரே ஆள். கணக்கு நேராகிவிட்டது. நான் சத்தமாகவே ஸ்தோத்திரம் சொன்னேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், 'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்று இருந்தது.

மாமா வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். "யாருன்னு கேட்டு எழுது" என்றார். அந்தத் தளத்தின் வழியாகவே எழுதிக் கேட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. 'பரவாயில்லை ஐயா, அம்மா நடக்கட்டும்.'

"பரவால்லன்னு சொல்ல இவன் யாரு?" என்று எழுந்தே விட்டார். "திருப்பி அனுப்பு."

நான் முடியாது என்றேன். பணத்தை ஆஸ்பத்திரிக்கு விடுவிக்கும் பட்டனை அழுத்தினேன். ஆறு எண் கொண்ட ஓ.டி.பி., அரை மணி நேரம் செல்லும் என்ற குறிப்போடு, மாமா போனுக்குத்தான் போனது. அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, "இத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டுகீது" என்றபடி வீட்டுக்கு நடந்துவிட்டார். என் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். பத்தரை மணி வெயில். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிழவரைத் தூக்கிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் நானே சேர்த்திருப்பேன்.

வீட்டின் முன்னால் இடுப்பளவு இரும்புக் கேட். அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, வேலையில் இருந்தபோது உட்கார்வாரே அதே மாதிரி, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, நாளைக்குப் பணம் கட்டணும். உங்களுக்கு நெனப்பு கீதா இல்லையா?"

"கீது."

"அப்ப இன்னாத்துக்கு இந்த வம்பு?"

"பேரு சொல்லிக் குடுத்தா ஒறவு, பாப்பா. பேரு சொல்லாம குடுத்தா பிச்ச. இருநூத்திப் பதினோரு பேரு குடுத்தாங்க. அத்தினி பேரும் எனக்குத் தெரியும். அவங்கம்மா பேரு கூடத் தெரியும். இவன் நாளைக்கு ரோட்ல எதிர வந்தா எனக்கு எப்டித் தெரியும்? ஒரு வணக்கம் வெக்க முடியுமா என்னால?"

அப்போதுதான் மாமாவின் மனசு எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. "உங்களுக்கு வணக்கம் வெக்க ஆளு வேணும். அத்தைக்கு நடக்கக் காலு வேணும். எது பெருசு மாமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கேட் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு, எனக்கும் சொல்லாமல் கேட்டுக்கும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார். "ரூலுன்னா ரூலு. அடையாளம் இல்லாத ஆள வுடணும்னா உள்ளருந்து ஒருத்தரு கேட்டு வரைக்கும் வரணும். வந்து, என்னப் பாக்க வந்தவங்கதான், நான் பொறுப்புன்னு சொல்லணும். அப்ப வுடுவேன். அப்டி இங்க யாரு கீறாங்க?"

வாதத்தில் ஜெயித்துவிட்ட முகத்தோடு என்னைப் பார்த்தார்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்ட் தரையில் தேயும் சத்தம் கேட்டது. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு இழுப்பு. அன்னபுஷ்பம் அத்தை வாசல் நிலைக்கு வந்தாள். நாற்காலி படி இறங்காது. அதை அங்கேயே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தாள். மாமா பதறி எழுந்தார்.

"அங்கயே நில்லு" என்றாள் அத்தை. "கேட்ட வுட்டு வராத."

நான் போய்க் கை கொடுக்கப் பார்த்தேன். என்னையும் ஒரு முறைப்பு முறைத்தாள். முதல் படிக்கு உட்கார்ந்து இறங்கினாள். இரண்டாவது படிக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றபடியே இறங்கினாள். படியிலிருந்து கேட் பன்னிரண்டு அடி இருக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத பன்னிரண்டு அடி. முகமெல்லாம் வியர்வை. கேட் கம்பியைப் பிடித்து நின்ற பிறகுதான் அத்தை வாயைத் திறந்தாள்.

"கேக்க வேண்டியதக் கேளு."

"இன்னா?"

"கேட்டுல கேப்ப இல்ல, யாரப் பாக்கணும்னு? இப்ப வந்துகீறவங்க யாரப் பாக்க வந்தாங்க?"

மாமா அத்தையின் முட்டியைப் பார்த்தார். "உன்ன."

"என்னப் பாக்க வந்தவங்கள வெளிய நிறுத்த நீ யாரு? உள்ளருந்து வந்துட்டேன். நான் பொறுப்பு. வுடு."

"பேரு..." என்றார் மாமா, பழக்க தோஷத்தில்.

"தெரியாது. எனக்கு நடக்கணும்யா" என்றாள் அத்தை. அதுவரை கெட்டியாக இருந்த குரல் அந்த இடத்தில் உடைந்தது. "நடந்துட்டேன்னா போதும். ரோட்ல எதிர வர்ற அத்தினி பேருக்கும் நான் வணக்கம் வெக்கிறேன். அதுல ஒருத்தரு அவங்களா இருக்கட்டும்."

மாமா சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றினார். போனைத் தூரப் பிடித்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். நான் அழுதுகொண்டே தட்டியதில் ஒரு எண் தப்பாகிவிட்டது. "கவனம்" என்று அதட்டினார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நாலு மாதம் ஆகிறது. அத்தை இப்போது ஒரு கைத்தடியோடு சாயங்காலம் மெயின் ரோடு வரைக்கும் வருகிறாள். சொன்னபடியே எதிரே வருகிற எல்லோருக்கும் வணக்கம் வைக்கிறாள். பால்காரருக்கு, லாரி டிரைவருக்கு, வட நாட்டுப் பையன்களுக்கு, ஷிஃப்ட் முடிந்து போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்குகிறவர்களுக்கும். இரண்டடி பின்னால் சாலமோன் மாமா, அவள் விட்டுவிட்ட ஆட்களுக்கு சல்யூட் அடித்துக்கொண்டு வருகிறார். எந்தக் கட்சி, எந்த வார்டில் நிற்கப் போகிறார்கள் என்று இரண்டு பேர் என்னிடம் ரகசியமாக விசாரித்துவிட்டார்கள்.

என் கடை வாசலுக்கு வந்ததும் மாமா நின்று, எனக்கும் விறைப்பாக ஒரு சல்யூட் வைக்கிறார். அந்த ஐம்பதாயிரத்தை நான்தான் போட்டேனோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். கடை வாடகையே மூன்று மாதம் பாக்கி வைத்திருக்கிறேன், நானாவது போடுவதாவது. ஆனாலும் நான் இல்லை என்று இதுவரை சொல்லவில்லை. எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறேன்.